பிளென்ஹெய்ம் மாளிகை: ஆள், கல், வண்டி, கூலி எல்லாம் யார் கையில் இருந்தது?

கேள்வி இதுதான்: 18-ம் நூற்றாண்டில் ஒரு பெரிய மாளிகை கட்டும்போது கொத்தனார், தச்சர், கல், சுண்ணாம்பு, வண்டி என்று இத்தனையையும் கட்டி மேய்த்தது யார்? இன்றைக்கு இருப்பது போல காண்ட்ராக்டர் உண்டா? கூலி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா?

பொதுவாகப் பதில் சொன்னால் எந்தக் காலத்துக்கும் எந்த ஊருக்கும் பொருந்துகிற மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரே ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில், உட்ஸ்டாக் என்ற சிற்றூரில் இருக்கும் பிளென்ஹெய்ம் மாளிகை. வின்ஸ்டன் சர்ச்சில் 1874-ல் பிறந்த வீடு என்று பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் கட்டுமானக் கணக்குப் புத்தகங்கள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கட்டட வேலைக்கு அளவு எடுத்து பில் போடுவது என் பிழைப்பு என்பதால், இந்தக் கட்டடத்தின் கதை எனக்கு மனதுக்கு நெருக்கமானது. அங்கே ஆட்களும் சாமான்களும் நன்றாகவே நிர்வகிக்கப்பட்டன. கெட்டது வேறு இடத்தில். பணம் கொடுக்க வேண்டியவர் யார் என்று ஒரு தாளில் தெளிவாக எழுதப்படவில்லை. அந்த ஒரு குறைக்காக நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள்.

முதலில் பின்னணி. 1704 ஆகஸ்டில் டான்யூப் ஆற்றங்கரையில் பிளென்ஹெய்ம் என்ற ஊரருகே, ஜான் சர்ச்சில் என்ற மார்ல்பரோ கோமகன் பிரெஞ்சு, பவேரியப் படைகளைத் தோற்கடித்தார். அதற்குப் பரிசாக ஆன் அரசி உட்ஸ்டாக் அரச நிலத்தை அவருக்குக் கொடுத்தார். 1705-ல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. நிலம் சட்டப்படி கைமாறியது. மாளிகை விஷயம் அப்படியில்லை. அரசி தன் செலவில் கட்டித் தருவார் என்பது எல்லோருக்கும் தெரிந்த பேச்சு, அவ்வளவுதான். எவ்வளவு தொகை, எத்தனை தவணை, எதுவரை என்று எந்த உடன்படிக்கையிலும் இல்லை. அன்றைய பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் செலவை மதிப்பிட்டு, ஏறக்குறைய 1 லட்சம் பவுண்டு ஆகும் என்றார். கடைசியில் ஆனது 3 லட்சம் பவுண்டை ஒட்டி.

1705 ஜூன் 18 அன்று அஸ்திவாரக் கல் வைத்தார்கள். அதற்கு ஒன்பது நாள் முன்னால், ஜூன் 9 அன்று, ஒரு உத்தரவுத் தாள் எழுதப்பட்டது. இந்தத் தாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கருவூலத் தலைவர் கொடால்ஃபின் பிரபு கையெழுத்திட்டது அது. ஜான் வான்ப்ருவைக் கட்டட மேற்பார்வையாளராக நியமிக்கிறது. கோமகனின் வேண்டுகோளின்படி, கோமகன் சார்பில் ஒப்பந்தம் செய்யவும் கையெழுத்துப் போடவும் அவருக்கு அதிகாரம் தருகிறது. கொடுப்பது கருவூலத்தின் பணம், கையெழுத்து கருவூலத் தலைவருடையது, ஆனால் ஒப்பந்தமோ கோமகன் பெயரில். இப்படி ஒரு தாள் இருப்பது கோமகனுக்கே வெகுநாள் தெரியாது என்கிறார்கள்.

சரி, களத்துக்கு வருவோம். மொத்த வேலையையும் எடுத்துச் செய்யும் ஒற்றைக் காண்ட்ராக்டர் அங்கே கிடையாது. அந்தக் காலத்துப் பெரிய கட்டடங்களுக்கு அதுவே வழக்கம். கல் வேலைக்கு ஒரு மேஸ்திரி, தச்சு வேலைக்கு ஒருவர், ஈயக் கூரைக்கு ஒருவர், கண்ணாடிக்கு ஒருவர் என்று தொழில்வாரியாகத் தனித்தனி ஒப்பந்தம். இவர்களையெல்லாம் கோக்கும் நூல் உரிமையாளர் தரப்பு அலுவலகம்தான். அதன் தலையில் வான்ப்ரு. அவர் நாடக ஆசிரியராகப் பெயர் வாங்கி, பிறகு கட்டடக்கலைக்கு வந்தவர். அவருக்கு ரென்னிடம் தொழில் கற்ற நிக்கலஸ் ஹாக்ஸ்மூர் துணை. வரைபடம், விலை, அளவு என்று நுணுக்கமான சுமையில் பெரும்பங்கு ஹாக்ஸ்மூர் தோளில். பணத்தைக் கருவூலத்திலிருந்து வாங்கிப் பட்டுவாடா செய்ய சாமுவேல் டிராவர்ஸ் என்ற அதிகாரி இருந்தார்.

ஆனால் களத்திலேயே குடியிருந்து தினமும் வேலையைப் பார்த்தவர் ஹென்றி ஜாய்ன்ஸ் என்ற இளைஞர். வேலை தொடங்கும்போது இருபதைத் தாண்டியிருந்தால் அதிகம். அவரோடு முதலில் பௌல்ட்டர் என்பவரும், பின்னாளில் டில்மன் போபார்ட் என்பவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார்கள். வந்த கல்லை எண்ணுவது, சுண்ணாம்பை அளப்பது, ஆள் வருகையைக் குறிப்பது, மேஸ்திரி கொடுத்த பில்லைச் சரிபார்ப்பது, மாதக் கணக்கை லண்டனுக்கு அனுப்புவது எல்லாம் இவர்கள் வேலை. இன்று சைட் இன்ஜினியர், ஸ்டோர் கீப்பர், பில்லிங் ஆள் மூன்று பேரும் செய்வதைச் சேர்த்துச் செய்தார்கள். பெரிய பெயர்கள் புத்தகத்தில் நிற்கின்றன, கட்டடம் எழும்பியது ஜாய்ன்ஸ் போன்றவர்களின் கணக்குப் புத்தகத்தின் மேல்தான் என்பேன்.

உரிமையாளர் எங்கே இருந்தார்? போர்முனையில். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஐரோப்பாவில் படை நகரும் காலமும் கல் கட்டும் காலமும் ஒன்றே. குளிர் விலகி மண் காய்ந்ததும் இரண்டும் தொடங்கும், உறைபனி வந்ததும் இரண்டும் நிற்கும். ஆகவே வேலை மும்முரமாக நடக்கும் மாதங்களில் மார்ல்பரோ எப்போதும் கடலுக்கு அப்பால் இருந்தார். 1706-ல் ராமிலீஸ், 1708-ல் ஊடனார்ட், 1709-ல் மால்ப்ளாக்கே என்று சண்டை தொடர்ந்தது. வீடு எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று அங்கிருந்து கடிதத்தில் விசாரிப்பார். 1709-ல் டூர்னே கோட்டையைப் பிடித்ததும், அங்கிருந்த பதினான்காம் லூயியின் பிரமாண்டமான மார்பளவுச் சிலையை மாளிகைக்கென்று அனுப்பி வைத்தார். அது இன்னும் தெற்கு முகப்பின் உச்சியில் இருக்கிறது. வீட்டில் இருந்து எதிர்க்கேள்வி கேட்டவர் அவர் மனைவி சாரா. அவரிடம் பிறகு வருகிறேன்.

இப்போது கூலியை எந்தக் கணக்கில் பேசினார்கள் என்பது. இதற்கு ரென் 1681-ல் ஆக்ஸ்போர்டு பிஷப் ஃபெல்லுக்கு எழுதிய ஒரு கடிதத்தைவிடத் தெளிவான விளக்கம் நான் எங்கும் பார்த்ததில்லை. கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் டாம் கோபுரம் கட்டுவது பற்றிய கடிதம் அது. வேலை வாங்க மூன்று வழி உண்டு என்கிறார்: நாள் கூலி, அளவுக் கூலி, மொத்தமாகப் பேசுவது. நாள் கூலியில் ஆள் சோம்பினால் தெரிந்துவிடும். அளவில் கொடுத்தால் ஒவ்வொரு உருப்படியும் வெளிச்சத்துக்கு வரும், என்ன சாமான் வேண்டும் என்பதும் முன்கூட்டியே புலப்படும். மொத்தமாகப் பேசும்போதுதான் எச்சரிக்கை வேண்டும். பழக்கமில்லாத வேலையை மேஸ்திரி குறைவாகப் பேசிவிட்டு, நடுவில் நஷ்டம் என்று உணர்ந்ததும் வேலையில் கைவைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார். நம் ஊரில் வீடு கட்டியவர் யாரும் இந்தக் கடைசி வரியைப் படித்துத் தலையாட்டாமல் இருக்க முடியாது.

பிளென்ஹெய்மில் கல் வேலை பெரும்பாலும் அளவுக் கூலிதான். அஸ்திவாரம் தோண்டுவது, மண் சுமப்பது, சாமான் இறக்குவது மாதிரி அளந்து சொல்ல முடியாதவற்றுக்கு நாள் கூலி. சாதாரணக் கூலியாளுக்கு அன்று நாளுக்கு ஒரு ஷில்லிங்கை ஒட்டி (20 ஷில்லிங் ஒரு பவுண்டு). கைதேர்ந்த கொத்தனாருக்கு அதைவிடக் கணிசமாக அதிகம்.

அளந்த முறையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். வழுவழுப்பாகச் செதுக்கிய தட்டை முகக் கல்லுக்கு சதுர அடிக் கணக்கு. அது எளிது. தூணின் அடிப்பகுதி, கூரையடிக் கொடுங்கை போன்ற வளைவு நெளிவான வேலையை எப்படி அளப்பது? ஒரு நூலை எடுத்து, அந்த வளைவின் ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் ஒட்ட அழுத்தி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கொண்டு போவார்கள். பிறகு நூலை நிமிர்த்தி அளப்பார்கள். பார்வைக்கு ஒரு அடி உயரம் தெரிகிற கொடுங்கை, நூலில் ஒன்றரை அடியோ அதற்கு மேலோ வரும். அதை நீளத்தால் பெருக்கினால் வருவதே கூலிக்கான அளவு. உளி எவ்வளவு தூரம் நடந்ததோ அவ்வளவுக்குக் காசு என்பது இதன் நியாயம். நூலைத் தளர்வாகப் பிடித்தால் மேஸ்திரிக்கு லாபம், இழுத்துப் பிடித்து பள்ளத்தைத் தாண்டினால் உரிமையாளருக்கு லாபம். அதனால் இரண்டு தரப்பு ஆளும் கூடவே நின்று அளந்து, புத்தகத்தில் ஏற்றும் வழக்கம். தச்சு வேலையில் தளம், கூரை எல்லாம் 100 சதுர அடி கொண்ட சதுரக் கணக்கில் பேசப்பட்டன. நம் கொத்தனார்களும் இன்றைக்கும் சதுரத்துக்கு இவ்வளவு என்றுதானே பேசுகிறார்கள்.

கல் வேலையை ஒருவரிடமே கொடுக்கவில்லை. மாளிகையின் நடுப் பகுதி ஸ்ட்ராங் குடும்பத்துக்குப் போனது. தந்தை எட்வர்ட் ஸ்ட்ராங், அவர் மகன் இன்னொரு எட்வர்ட். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய முக்கிய மேஸ்திரிகளில் இந்தக் குடும்பம் உண்டு. சமையற்கட்டு முற்றமும் அந்தப் பக்கத்து வேலைகளும் ஆக்ஸ்போர்டு மேஸ்திரிகளான டவுன்செண்ட், பீஸ்லி இருவருக்கு. ஏரிக்குக் குறுக்கே நிற்கும் பெரிய பாலமும் பீஸ்லி கைவேலைதான், அதன் நடு வளைவு ஏறக்குறைய 100 அடி அகலம். இப்படிப் பிரித்துக் கொடுத்தது நல்ல யோசனை என்பது என் கருத்து. ஒருவர் சொல்லும் விலையை இன்னொருவர் விலையோடு ஒப்பிடலாம், ஒருவர் ஆட்கள் வராவிட்டால் இன்னொரு பக்கம் வேலை நடக்கும். அதோடு ஸ்ட்ராங் போன்றவர்கள் வெறும் கொத்தனார்கள் அல்லர். சொந்தக் கல்குவாரி உள்ளவர்கள், நூறு ஆளை வைத்து நடத்தும் முதல் உள்ளவர்கள். இந்த முதல் ஏன் முக்கியம் என்றால், கருவூலத்துப் பணம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வாரக்கடைசியில் கூலி தந்தாக வேண்டும். நடுவில் உள்ள இடைவெளியை மேஸ்திரி தன் காசில் தாங்கினார். முன்பணமாகக் கொஞ்சம் வரும், அளவு முடிந்து கணக்கு தீரும்போது மீதி. அரசியின் மாளிகை உண்மையில் மேஸ்திரிகள் கொடுத்த கடனில்தான் எழும்பியது.

கல்லுக்கு முதல் திட்டம் சுலபமாக இருந்தது. உட்ஸ்டாக் பூங்காவுக்குள்ளேயே குவாரி உண்டு, கல்லைக் கைக்கெட்டும் தூரத்தில் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். குளிர்காலம் வந்ததும் அந்தக் கல் உறைபனி தாங்காமல் உதிர்ந்தது. காரணம் எளிது. புதிதாக வெட்டிய சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறிய நீர் இருக்கும். கோடையில் வெட்டி, வெயிலிலும் காற்றிலும் உலரவிட்டால் மேலே ஒரு கெட்டித் தோல் பிடிக்கும். உலராமல் பனியில் மாட்டினால் உள்ளிருக்கும் நீர் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கும். சில குவாரிக் கல் உலர்ந்தாலும் தாங்காது, அதன் இயல்பே அப்படி.

அதனால் வெளிக் கல் வாங்க வேண்டியதாயிற்று. டெய்ன்டன், பாரிங்டன், பர்ஃபோர்ட், கார்ன்பரி என்று கடைசியில் இருபதுக்கும் மேற்பட்ட குவாரிகளிலிருந்து கல் வந்தது. டெய்ன்டன் கல் பேர்போனது, ஆனால் பதினைந்து மைலுக்கு மேல் மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் வர வேண்டும். அந்தக் கல் கன அடிக்கு 60 கிலோவுக்குக் குறையாது. ஒரு டன் கல் என்றால் 4 அடி நீளம், 4 அடி உயரம், ஒரு அடி கனமுள்ள சுவர்த் துண்டு, அவ்வளவுதான். இந்த மாளிகையின் சுவர்கள் பல அடி கனம். எத்தனை வண்டி ஓடியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தார் ரோடு கிடையாது. மழை பெய்தால் சக்கரம் அச்சுவரை இறங்கும். ஆகவே கல் வண்டி ஓடுவதும் கோடையில்தான். வண்டிகளும் மாடுகளும் விவசாயிகளுடையவை, அறுவடை வந்தால் அவர்கள் வயலுக்குத்தான் போவார்கள். கல் கட்டத் தோதான மாதமும் வண்டி கிடைக்காத மாதமும் ஒன்றாக அமைவது, இந்த மாதிரி வேலையின் நிரந்தரத் தலைவலி. கல்லின் விலையைவிட வண்டிக் கூலி கூடுதலாகிவிடுவது சகஜம்.

அதனால் கெட்டிக்கார நிர்வாகி குளிர்காலத்தில் சும்மா இருக்க மாட்டார். அடுத்த கோடைக்கு எவ்வளவு கல், எந்த அளவில், எந்தக் குவாரியிலிருந்து என்று வரைபடத்தை வைத்து முன்கூட்டியே பட்டியல் போடுவார். கல்தச்சர்கள் கொட்டகைக்குள் உட்கார்ந்து செதுக்க முடிந்ததைச் செதுக்கி அடுக்குவார்கள். சுவர் வேலை மட்டும் நிற்கும். சுண்ணாம்புக் கலவை மெள்ள மெள்ளத்தான் இறுகும், அதற்குள் உறைந்தால் பொடியாகிவிடும். எனவே பனிக்கு முன்னால் பாதியில் நிற்கும் சுவர்களின் தலையை வைக்கோலும் பலகையும் போட்டு மூடிவைப்பார்கள். வசந்தத்தில் அதை எடுத்துவிட்டு மேல்வரியைச் சரிபார்த்துத் தொடர்வார்கள். ஈயம், கண்ணாடி, சலவைக்கல் போல லண்டன் வழியாக வரும் கனமான பொருளுக்கு தேம்ஸ் ஆறு இருந்தது. ஆக்ஸ்போர்டு வரை படகு, பிறகு எட்டு மைல் வண்டி.

சாமான் போக்குவரத்தில் இந்தக் குடும்பத்தின் இன்னொரு வீட்டுச் செய்தியும் சுவையானது. லண்டனில் சாரா 1709 முதல் 1711 வரை மார்ல்பரோ ஹவுஸ் கட்டினார், கட்டடக் கலைஞர் ரென். அதன் சிவப்புச் செங்கற்கள் ஹாலந்திலிருந்து வந்தவை. போர்முனைக்குப் படையை ஏற்றிப்போன கப்பல்கள் வெறுமையாகத் திரும்பினால் ஆடும், அடியில் பாரம் வேண்டும். அந்தப் பாரமாகச் செங்கல்லை ஏற்றிவிட்டார்கள். கப்பல் எப்படியும் வரத்தானே போகிறது! அங்கேயும் மேஸ்திரிகள் ரென்னை விலையில் ஏமாற்றுகிறார்கள் என்று சாரா நினைத்து, அவரை விலக்கிவிட்டு வேலையைத் தானே நடத்தி முடித்தார்.

சாராவைப் பற்றிப் பலரும் கடுமையாகத்தான் எழுதுவார்கள். கலைஞரை அழவைத்த கஞ்சப் பிசினாறி என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பில்லைப் படித்தவர், விலையை விசாரித்தவர், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவா என்று கேட்டவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான். 1707-ல் என்ன நடந்தது பாருங்கள். பாதி எழும்பிய கட்டடத்தை வான்ப்ரு இன்னும் உயரமாக்க முடிவு செய்தார். தூண்களின் பாணியை எளிமையான டோரிக்கிலிருந்து அலங்காரமான கொரிந்தியனுக்கு மாற்றினார். கட்டியதில் ஒரு பகுதியைப் பிரிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு கண் முன்னால் நிற்கும் அழகுக்கு அந்த மாற்றமும் காரணம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் பிரித்த கல்லுக்கும் மேஸ்திரிக்குக் காசு, திரும்பக் கட்டிய கல்லுக்கும் காசு. அளவுக் கூலியில் இதுதான் ஆபத்து: மேஸ்திரி பாதுகாப்பாக இருப்பார், உரிமையாளரின் செலவுக்கு மேல்வரம்பே இருக்காது. வரைபடம் கடைசிவரை மாறாது என்றால் மட்டுமே அளவு முறை மலிவு. 1709-ல் பூங்காவில் இருந்த பழைய உட்ஸ்டாக் அரண்மனையை இடிக்காமல் வைத்துக்கொள்ள வான்ப்ரு செலவழித்துப் பழுது பார்த்ததும், அதில் தானே தங்கியதும் தெரிந்தபோது, சாராவின் சந்தேகம் இன்னும் முற்றியது.

1710-ல் அரசியல் புரண்டது. அரசிக்கும் சாராவுக்கும் நட்பு முறிந்தது. அந்த ஆகஸ்டில் கொடால்ஃபின் பதவி இழந்தார். கருவூலம் எதிர்க்கட்சி கைக்குப் போனதும் உட்ஸ்டாக்குக்கு வரும் பணம் சுருங்கியது. வேலையை நிறுத்தச் சொல்லி சாரா உத்தரவு அனுப்பினார். அப்போது கோமகன் மனைவிக்கு எழுதியதைப் பாருங்கள். நீயும் நானும் இந்தக் கட்டட விஷயத்தில் எந்த உத்தரவும் தரக்கூடாது, இது அரசியின் பணம், அரசியின் வேலை என்ற பொருளில் எழுதினார். போர்க்களத்தில் இருந்தபடியே அவருக்குச் சட்டச் சிக்கல் புரிந்துவிட்டது. வேலையைத் தொடரச் சொன்னாலும் நிறுத்தச் சொன்னாலும், உத்தரவிட்டவரே கூலிக்குப் பொறுப்பு என்று நாளை யாராவது சொல்லலாம். உரிமையாளர் வாயைத் திறக்கப் பயப்படுகிற இந்த நிலையில்தான் நூற்றுக்கணக்கான ஆட்கள் கூலி வராமல் நின்றார்கள். ஜாய்ன்ஸுக்கும் போபார்ட்டுக்கும் தினமும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும், கையில் கொடுக்க ஒன்றுமில்லை.

1711 கடைசியில் மார்ல்பரோ பதவி நீக்கப்பட்டார். 1712 கோடையில் வேலை முழுவதும் நின்றது. அதற்குள் கருவூலம் கொடுத்தது ஏறக்குறைய 2,20,000 பவுண்டு. பாக்கி சுமார் 45,000 பவுண்டு. நாளுக்கு ஒரு ஷில்லிங் கூலியில் பார்த்தால், ஒன்பது லட்சம் நாள் உழைப்புக்குச் சமமான காசு அந்தப் பாக்கி. மேஸ்திரி கடன்பட்டார், அவரை நம்பிய கொத்தனார் கடைக்காரரிடம் கடன்பட்டார், சுண்ணாம்பு சுட்டுத் தந்தவர், வண்டிக்காரர், கயிறு விற்றவர் என்று அந்த ஊர்ப்புறம் முழுவதும் அது இறங்கியது.

1714-ல் அரசி இறந்து, ஜார்ஜ் மன்னர் வந்து, மார்ல்பரோவுக்கு மரியாதை திரும்பியது. பழைய பாக்கி அரசியின் கடன் என்று ஒப்புக்கொண்டு அதில் ஒரு பங்கை மட்டும் கொடுத்தார்கள். 1716-ல் கோமகன் தன் சொந்தப் பணத்தில் வேலையைத் தொடர்ந்தார், ஆனால் இனிமேல் குறைந்த விலைதான் என்று சொல்லிவிட்டார்கள். அரசாங்க வேலை என்று முதலில் பேசிய விலையில், பணம் தாமதமாகும் என்ற அபாயமும் சேர்ந்திருந்தது என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. ஸ்ட்ராங் குடும்பம் திரும்பவில்லை. சிற்பி கிரின்லிங் கிப்பன்ஸும் திரும்பவில்லை. இதன் தழும்பை இன்றும் நேரில் பார்க்கலாம்: சலூன் என்னும் பெரிய விருந்துக் கூடத்தில் நான்கு சலவைக்கல் வாசல் நிலைகள் உண்டு. கிப்பன்ஸ் கையால் முடித்தது ஒன்றே ஒன்று. மற்றவை பிறர் செய்த நகல். அந்த ஆண்டு நவம்பரில் வான்ப்ருவும் சாராவோடு சண்டையிட்டு வெளியேறினார். வேலையை நடத்தும் பொறுப்பை சாரா தன் நம்பிக்கைக்குரிய மரச்சாமான் கைவினைஞர் ஜேம்ஸ் மூரிடம் கொடுத்தார்.

ஸ்ட்ராங் தந்தையும் மகனும் பழைய பாக்கிக்காக வழக்குப் போட்டார்கள், கோமகன் மேலேயே. கோமகன் தரப்பு சொன்னது: கட்டியது அரசி, எங்களிடம் கேட்காதே. அப்போதுதான் 1705-ம் ஆண்டுத் தாள் வெளியே வந்தது. கோமகனின் வேண்டுகோளின்படி, கோமகன் சார்பில் என்று அதில் இருக்கிறதே. தீர்ப்பு மேஸ்திரிகளுக்குச் சாதகமாக வந்தது. 1721-ல் பிரபுக்கள் சபையும் மேல்முறையீட்டைத் தள்ளி அதை உறுதி செய்தது. கொடால்ஃபின் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன, எதை நினைத்து அப்படி எழுதினார் என்று கேட்க ஆள் இல்லை. சாரா விடவில்லை. வான்ப்ரு முதல் கடைநிலைத் தொழிலாளி வரை 401 பேர் மேல், கோமகன் தலையில் கடனைக் கட்டச் சதி செய்தார்கள் என்று வழக்குத் தொடுத்தார். பில்லைக் கேள்வி கேட்ட சாராவோடு எனக்கு உடன்பாடு உண்டு. இந்த சாராவோடு கிடையாது. சாரம் ஏறிக் கல் வைத்தவனுக்குக் கோமகனும் கருவூலமும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எப்படித் தெரியும்?

எழுதி வைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதே நூற்றாண்டிலிருந்து ஒரு சின்ன உதாரணம். அமெரிக்காவில் வர்ஜீனியாவில், தாமஸ் ஜெஃபர்சன் 1768 மே மாதம் மான்டிசெல்லோ மாளிகைக்காக மலையுச்சியைச் சமப்படுத்த மூர் என்ற வேறொருவரோடு செய்த ஒப்பந்தம் அவர் குறிப்பேட்டில் இருக்கிறது. 250 அடிக்கு 250 அடி, கிறிஸ்துமஸுக்குள் முடிக்க வேண்டும். கூலி 180 புஷல் கோதுமை, 24 புஷல் சோளம் (புஷல் என்பது தானியம் அளக்கும் அளவு). சோளத்தில் 12 புஷல் அடுத்த அறுவடைக்குப் பிறகுதான். தோண்டும்போது கெட்டிப் பாறை வந்தால், அதற்கு எவ்வளவு என்பதை இரு தரப்பையும் சாராத பொது ஆட்கள் முடிவு செய்வார்கள். அளவு, கெடு, கூலி, தவணை, எதிர்பாராதது வந்தால் யார் பேச்சு என்று ஐந்தும் சில வரிகளில் அடங்கிவிட்டன. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் தப்பு: அந்த மாளிகையைக் கட்டியவர்களில் பெரும்பகுதி அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள். அவர்களோடு யாரும் எந்த ஒப்பந்தமும் எழுதவில்லை. பிளென்ஹெய்ம் கொத்தனாருக்கு வழக்குப் போடவாவது ஒரு நீதிமன்றம் இருந்தது.

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு, கூலி போய்ச் சேர்ந்ததா என்பதற்கு வருகிறேன். பெரிய மேஸ்திரிகளுக்கு நீதிமன்றத்தின் வழியாக ஒருவாறு சேர்ந்தது. மார்ல்பரோ 1722 ஜூனில் இறந்தார். மாளிகையை முடிக்க உயிலில் 50,000 பவுண்டு ஒதுக்கியிருந்தார். அந்தப் பணத்தை வைத்து, ஹாக்ஸ்மூரைத் திரும்ப அழைத்து, ஒவ்வொரு வேலைக்கும் தானே விலை பேசி சாரா மீதியை முடித்தார். வான்ப்ருவுக்கு வரவேண்டிய சம்பள பாக்கி 1725-ல் பிரதமர் வால்போல் தலையிட்டு அரசுப் பணத்திலிருந்து கிடைத்தது. அவர் மறு வருஷம் இறந்துவிட்டார். வண்டிக்காரர், சுண்ணாம்பு சுட்டவர், நாள் கூலிக்கு மண் சுமந்தவர் போன்றவர்களின் பெயர்களும் தொகைகளும் ஜாய்ன்ஸின் புத்தகங்களில் வரிசையாக இருக்கின்றன. வழக்கு நடத்த வசதியில்லாத அவர்களுக்கு, பாக்கியில் தொடக்கத்தில் கொடுத்த அந்த ஒரு பங்கைத் தாண்டிக் கேட்டு வாங்க வழியே இருக்கவில்லை.